தோல் பந்தும் குரோம்பேட்டை வாசனையும்

போன மே மாதம் பேரன் இரண்டு கிரிக்கெட் பந்துகளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டான். சேலையூர் பக்கம் ஒரு கோச்சிங் கேம்ப்பில் சேர்ந்திருக்கிறான். "தாத்தா, ரெண்டும் சிவப்பு. ரெண்டும் லெதர். ரெண்டும் ஒரே வெயிட். ஆனா ஒண்ணு இன்னொண்ணைவிட மூணு மடங்கு விலை. கடைக்காரர் ஏமாத்தறாரா?" என்றான்.

ஏமாற்றவில்லை என்று சொல்லி விளக்க ஆரம்பித்தேன். மூன்றாவது நிமிடம் யாரோ போனில் கூப்பிட்டார்கள், போய்விட்டான். சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றது. அதைத்தான் இங்கே இறக்கி வைக்கிறேன். பந்தில் ஆரம்பித்து வேறு எங்கோ போய்விடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலை குறைந்த பந்தை உருட்டிப் பார்த்தால் நடுவில் தையல், இரண்டு பக்கமும் மொழுமொழுவென்று இரண்டு பாதிகள். ஒவ்வொரு பாதியும் ஒரே துண்டுத் தோல். அச்சில் வைத்து அழுத்திக் கிண்ணம் போல வளைத்திருப்பார்கள். தட்டையான தோலைக் கிண்ணமாக்கினால் அது இழுபடும், இழுபட்ட இடம் மெலியும். இதற்கு 'டூ பீஸ்' என்று பெயர். விலை அதிகமான பந்தில் ஒவ்வொரு பாதியின் குறுக்கேயும் மயிரிழை போல ஒரு கோடு ஓடும். ஆரஞ்சுப் பழத்தை நாலாக வகிர்ந்தது போல நாலு துண்டுத் தோல். இரண்டிரண்டு துண்டுகளை உள்பக்கமாகத் தைத்துக் கிண்ணமாக்கி, பிறகு வெளிப்பக்கம் திருப்புவார்கள். தையல் உள்ளே இருப்பதால் வெளியில் கோடு மட்டும்தான் தெரியும். இரண்டு கிண்ணங்களையும் சேர்க்கும்போது ஒன்றின் கோடு மற்றதன் கோட்டுக்கு நேராக வராமல் கால்வட்டம் திருப்பி வைப்பார்கள். நேருக்கு நேர் வந்தால் அந்த இடம் பலவீனமாகிவிடும். இதுதான் 'ஃபோர் பீஸ்'. பெரிய ஆட்டங்களுக்கெல்லாம் இதுதான்.

உள்ளே இருப்பது கார்க். அதன்மேல் கம்பளி நூலை இறுக்கிச் சுற்றி, நடுநடுவே கார்க் சீவல் வைத்து, தட்டி, மறுபடி சுற்றி உருண்டையாக்குவார்கள். மலிவான பந்தில் கார்க் தூளையும் ரப்பரையும் சேர்த்து அச்சில் வார்த்த உருண்டை இருக்கும். அது மட்டையில் பட்டால் சத்தமே வேறு. முடிந்த பந்து 156 கிராமுக்குக் குறையக் கூடாது, 163க்கு மேல் போகக் கூடாது. சுற்றளவு 22.4 சென்டிமீட்டரிலிருந்து 22.9க்குள். அரை சென்டிமீட்டர்தான் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

நடுவில் ஆறு வரிசைத் தையல், வரிசைக்கு ஏறக்குறைய எண்பது. உள்ளே இருக்கும் இரண்டு வரிசைதான் இரண்டு பாதியையும் பிடித்திருப்பது. வெளியே இருக்கிற நாலும் அந்த வரப்பை உயர்த்திக் காட்ட. வேகப்பந்து வீச்சாளருக்கும் சுழல்காரருக்கும் அந்த வரப்புதான் பிழைப்பு.

எங்கள் காலத்தில் இந்தத் தோல் பந்து கைக்கு வருவதற்கு முன்னால் மூன்று பந்துகளைத் தாண்ட வேண்டும். முதலில் ரப்பர் பந்து, அது பக்கத்து வீட்டுக் கிணற்றில் விழும்வரை. அடுத்தது மயிர் உதிர்ந்த டென்னிஸ் பந்து. அப்புறம் கார்க் பந்து. அதில் தையல் போல ஒரு வரி இருக்கும், ஆனால் அது தையல் இல்லை, அச்சில் வந்த மேடு. கால் எலும்பில் பட்டால் இரண்டு நாள் நொண்டலாம். மேற்கு தாம்பரத்தில் என் வயதுக்காரர்கள் வேட்டியைத் தூக்கினால் முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பாவது இருக்கும்.

நிஜமான தோல் பந்தை நான் முதலில் தொட்டது கிறிஸ்தவக் கல்லூரி மைதானத்தில். 1937இல் நகரத்தை விட்டு தாம்பரத்துக் காட்டுக்குள் வந்த கல்லூரி அது. மாட்ச் நடக்கும்போது எங்களைப் போன்ற பொடியன்கள் எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்போம். புதருக்குள் போன பந்தை எடுத்துக் கொடுக்க அடிதடி. எடுத்ததும் உடனே எறிய மாட்டோம். ஒரு தடவை உள்ளங்கையில் உருட்டி, மூக்கில் வைத்து மோந்து பார்த்துவிட்டுத்தான் எறிவோம். புதுச் செருப்பும் மெழுகும் கலந்த மாதிரி ஒரு வாசனை. அது எங்களுக்குப் பிடித்த வாசனை.

அதே தோலுக்கு இன்னொரு வாசனையும் உண்டு என்பது தாம்பரத்துக்காரர்களுக்குத் தெரியும். 1931இலிருந்து ஓடிய மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் பீச் பக்கம் போனால் சானடோரியம் தாண்டியதும் குரோம்பேட்டை, பிறகு பல்லாவரம். அந்த ஊருக்கே பெயர் வந்தது குரோம் லெதர் கம்பெனியால்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் நடத்தியது. அதற்குக் கொஞ்சம் முன்னால் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் சோதனையைத் தொடங்கியிருந்தார். கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கும் தோல்சால் நாலு நாளில் நைந்துபோகாமல் இருக்க வேண்டும் என்பதும் அவருடைய நோக்கங்களில் ஒன்று. அதற்கும் முன்னால் நம் ஊர்ப் பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் பதனிடுவார்கள். அந்தத் தோல் மூட்டை மூட்டையாக சென்னைத் துறைமுகத்திலிருந்து சீமைக்குப் போயிருக்கிறது.

பல்லாவரம் வரும்போது ரயிலில் பாதிப் பேர் கைக்குட்டையை எடுப்பார்கள். நானும்தான். மடியில் கிட் பை, பைக்குள் தோல் பந்து, மூக்கில் கைக்குட்டை. அப்போது அதில் எனக்கு ஒரு முரணும் தெரியவில்லை.

எங்கள் டீமில் ஒரு வேகப்பந்து வீச்சாளன் இருந்தான். பெயர் வேண்டாம், அவனுக்குப் பிடிக்காது. பல்லாவரத்துப் பையன். அவன் அப்பாவுக்கு ஒரு தோல் கம்பெனியில் வேலை, சுண்ணாம்புக் குழியில். முடி உதிர்வதற்காகத் தோலை நாள்கணக்கில் சுண்ணாம்பில் ஊறப்போடும் குழி அது. அவர் கையின் தோல் எப்போதும் வெந்தது போல இருக்கும்.

பந்து வாங்கப் போனால் அவனைத்தான் கூட்டிக்கொண்டு போவோம். கடைக்காரர் ஆறு பந்து உள்ள அட்டைப்பெட்டியைத் திறந்து வைப்பார். இவன் ஒவ்வொன்றாக எடுத்துத் தையல் ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்துவான். "முதுகுத் தோல்டா இது, கெட்டியா இருக்கு. இது வயித்துத் தோல், ரெண்டு ஓவர்ல தொளதொளன்னு ஆயிடும்" என்பான். மாட்டின் முதுகுப் பக்கத் தோல் இறுக்கமானது, வயிற்றுப் பக்கம் தளர்வானது. நாலு துண்டும் ஒரே கனத்தில் அமையாவிட்டால் பந்து கோணிக்கொள்ளும். இதெல்லாம் எந்த கோச்சும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

குரோம் தோலில் பந்து செய்ய மாட்டார்கள் என்பதும் அவன் சொல்லித்தான் தெரியும். குரோம் தோல் மெத்தென்று இருக்கும், இழுத்தால் கொடுக்கும், செருப்புக்கு நல்லது. பந்துக்கு வேண்டியது விறைப்பு. அதனால் படிகாரம் போட்டுப் பதனிடுவார்கள். சவரம் செய்தபிறகு சலூன்காரர் கன்னத்தில் தேய்க்கிறாரே, அதே படிகாரம்தான். அதில் தோல் வெள்ளை வெளேரென்று வரும், அப்புறம்தான் சிவப்புச் சாயம். ஆனால் படிகாரத் தோலுக்குத் தண்ணீர் ஆகாது. ஐப்பசி மழையில் நனைந்த எங்கள் பந்து ஒன்று காய்ந்தபிறகு தேங்காய் ஓடு மாதிரி ஆனது அதனால்தான். நாங்கள் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

1975 என்று நினைக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்ச். அவன் ஆறு விக்கெட். ஜெயித்த சந்தோஷத்தில் டீமில் பாதிப் பேர் எங்கள் வீட்டுக்கு வந்தோம். பாட்டி எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். பாட்டிக்கு ஒரு வழக்கம், புதிதாக வருகிற பையனிடம் அப்பா என்ன வேலை என்று கேட்டுவிடுவாள். அவன் ஒளிக்காமல் சொன்னான். எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர் வந்தது. அவனுக்கு மட்டும் ஒரு கண்ணாடி கிளாஸ், திண்ணை ஓரத்தில்.

அவன் குடித்தான். கிளாஸை வாசல் குழாயில் தானே கழுவி, திண்ணையில் கவிழ்த்து வைத்தான். "நல்லா இருந்துச்சு பாட்டி" என்றான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு ஆடிய பந்து உள்ளே என் அலமாரியில், பாடப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை யாரும் திண்ணையில் வைக்கச் சொல்லவில்லை.

இப்போது பந்துக் கம்பெனிகள். இந்தியாவில் டெஸ்ட் ஆட்டத்துக்கு எஸ்.ஜி., ஆஸ்திரேலியாவில் கூக்கபரா, இங்கிலாந்தில் டியூக்ஸ். டியூக் குடும்பம் 1760 வாக்கில் கென்ட் பகுதியில் பென்ஷர்ஸ்ட் என்ற ஊரில் தொடங்கியது என்பது அவர்கள் கணக்கு. இன்றைக்கு அந்தக் கம்பெனியை நடத்துகிறவர் நம் நாட்டிலிருந்து போன திலீப் ஜஜோதியா. கூக்கபராவைத் தொடங்கியவர் மெல்போர்னில் 1890 முதல் குதிரைச் சேணம் தைத்துக்கொண்டிருந்த தாம்ஸன். மோட்டார் கார் வந்ததும் சேணத்துக்கு ஆள் இல்லை. கையில் இருந்த தோல், ஊசி, நூலோடு பந்துக்கு மாறினார்.

எஸ்.ஜி.யின் கதைதான் நமக்கு நெருக்கம். 1931இல் சியால்கோட்டில் கேதார்நாத், துவாரகாநாத் ஆனந்த் என்ற சகோதரர்கள் தொடங்கிய கம்பெனி. விளையாட்டுச் சாமான் என்றால் அந்நாளில் சியால்கோட்தான். 1947இல் கோடு போட்டபோது அந்த ஊர் பாகிஸ்தான் பக்கம் போனது. முதலாளிகளும் தொழிலாளிகளும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். சிலர் ஜலந்தரில் இறங்கினார்கள், சிலர் மீரட்டில். நாம் வாங்கும் மட்டையும் பந்தும் இன்றைக்கும் பெரும்பாலும் இந்த இரண்டு ஊர்ச் சரக்குத்தான்.

வித்தியாசம் தையலில் இருக்கிறது. டியூக்ஸும் எஸ்.ஜி.யும் ஆறு வரிசையும் கைத்தையல். கூக்கபராவில் உள் இரண்டு வரிசை கை, வெளி நாலு மெஷின். மெஷின் தையல் சீக்கிரம் அமுங்கிவிடும். அதனால் கூக்கபரா முதல் இருபது ஓவர் நன்றாக வளையும், அப்புறம் சாதுவாகிவிடும். எஸ்.ஜி.யில் நூல் தடிமன், வரப்பு எழும்பி நிற்கும், சுழல்காரர் விரலுக்கு நல்ல பிடி. டியூக்ஸ் மேல்பூச்சு அதிகம், பளபளப்பு நெடுநேரம் நிற்கும், ஐம்பது ஓவருக்குப் பிறகும் வளையும். வெள்ளைப் பந்து வேறு ஜாதி: தோலை வெள்ளையாகச் சாயம் ஏற்ற முடியாது, மேலே வர்ணம்தான் பூச வேண்டும். அதனால் சீக்கிரம் அழுக்காகும். இளஞ்சிவப்புப் பந்தும் அப்படியே. 2015 நவம்பரில் அடிலெய்டில் முதல் பகலிரவு டெஸ்ட் அந்தப் பந்தில் நடந்தது.

தைப்பது எப்படி என்று கேட்டால் உட்காரும் விதமே முதுகை உடைக்கும். பந்தை மரக்கிடுக்கியில் பிடித்து, முழங்கால்களுக்கு நடுவே வைத்து, குத்தூசியால் துளை போட்டு, மெழுகு தேய்த்த நூலை இரண்டு பக்கமிருந்தும் இழுக்க வேண்டும். இழுப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு தையல் தளர்ந்தால் பந்து முழுக்கக் கெட்டது. கூலி பந்துக் கணக்கு. மீரட்டில் இந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஜாட்டவ் சமூகத்தினர், தலைமுறையாகத் தோலைத் தொட்டதற்காகவே ஊர் ஒதுக்கிவைத்த ஜனங்கள்.

சேப்பாக்கத்துக்கு வருகிறேன். 1977 பொங்கல் டெஸ்ட், ஜனவரி 14 தொடங்கியது. நானும் அவனும் காலரியில். இங்கிலாந்தின் இடதுகை வீச்சாளர் ஜான் லீவர் முந்தின மாதம் தில்லியில் நம்மைக் கலங்கடித்திருந்தார். அங்கே ஒரு பந்து வடிவம் கெட்டு மாற்றப்பட்டது. மாற்றி வந்த பந்து பாம்பு போல நெளிந்தது. ஒரே கம்பெனி ஒரே நாளில் செய்த இரண்டு பந்து கூட ஒன்றல்ல என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்?

சென்னையில் லீவரும் வில்லிஸும் வியர்வை கண்ணில் இறங்காமல் நெற்றியில் ஒரு துணிப்பட்டை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் வேசலின். பட்டை அம்பயர் ரூபன் கைக்குப் போய், நம் கேப்டன் பேடி பந்தைப் பளபளப்பாக்க வேசலின் பூசுகிறார்கள் என்று சொல்ல, பெரிய ரகளை. திட்டமிட்டுச் செய்ததல்ல என்று அவர்கள் போர்டு முடித்துக்கொண்டது. பேடி தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. நாம் 164க்கும் 83க்கும் ஆல் அவுட். 200 ரன்னில் தோல்வி. தில்லி, கல்கத்தா, சென்னை என்று மூன்றையும் இழந்து தொடரும் போனது.

ஊரே கொதித்தபோது அவன் மட்டும் கொதிக்கவில்லை. "படிகாரத் தோல் வறண்ட தோல்டா. ஃபேக்டரியிலயே கொழுப்பு ஏத்தித்தான் அனுப்பறான். தொடையில வச்சு நாம தேய்க்கிறோமே, அந்தச் சூட்டுல உள்ளே இருக்கற கொழுப்பு மேல வருது, அதுதான் பளபளப்பு. வேசலின் தடவினா பளபளக்கும்தான், ஆனா அதனால மட்டும் நாம எண்பத்தி மூணுக்கு அவுட் ஆகல." காலரியில் அவனை அடிக்காமல் விட்டது அதிசயம்.

பல வருடம் கழித்து ராமச்சந்திர குஹாவின் கிரிக்கெட் வரலாற்றுப் புத்தகத்தைப் படித்தேன். அதில் பல்வங்கர் பாலூ வருகிறார். தோல் வேலை செய்யும் சாதியில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதானம் பார்க்கும் வேலை, அவர்களுக்கு வலையில் பந்து வீசி வீசியே பெரிய சுழல்காரர் ஆனார். 1911 இங்கிலாந்து சுற்றுப்பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல். பூனா ஹிந்து கிளப்பில் அவருடைய பந்துவீச்சு வேண்டும், ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே, தனியாக, மண் குவளையில் தேநீர். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மண் குவளைக்குப் பதில் கண்ணாடி கிளாஸ், தேநீருக்குப் பதில் மோர். பூனாவுக்கும் மேற்கு தாம்பரத்துக்கும் நடுவே எழுபது எண்பது வருடம்.

பாட்டி காலமாகி நாற்பது வருடம் ஆகிறது. அவள் மீது பழி போட்டுவிட்டு நான் தப்பிப்பதில் அர்த்தமில்லை. எனக்கு அப்போது இருபது வயது, வாய் இருந்தது.

பேரன் பந்தோடு வந்த வாரம் அவனுக்குப் போன் செய்தேன். இப்போது அஸ்தினாபுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறான். படிகாரமா, வேறு ஏதாவதா என்று சரிபார்க்கத்தான் கூப்பிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "போன்ல என்னடா தோலைப் பத்திப் பேசறது? பேரனைக் கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கிழமை வா" என்றான்.

போனோம். அவன் மனைவி, "அண்ணே, காபி ஆறிடப் போவுது, எடுத்துக்குங்க" என்று மூன்று பேருக்கும் டம்ளர் டவராவில் கொண்டுவந்து வைத்தார். அவன் விலை குறைந்த பந்தைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தி, "இதுல தோலைவிடப் பூச்சுதான் ஜாஸ்தி" என்று கீழே வைத்தான். இன்னொன்றை மோந்து பார்த்தான். அதன் கோடுகளைப் பேரனுக்குக் காட்டினான், முதுகு எது வயிறு எது என்று சொல்லித் தந்தான், நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் வரப்பின் இரண்டு பக்கமும் வைத்துப் பிடித்துக் காட்டினான். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நாற்பது ஓவருக்குள் எஸ்.ஜி. பந்தின் தையல் பிரிந்துவிட்டது என்று அஸ்வின் குறைப்பட்டதைப் பேரன் சொல்ல, "நூலை இழுத்தவன் அன்னைக்கு எத்தனாவது பந்து தைச்சிருப்பானோ" என்றான். என்னிடம் மூன்று நிமிடம் நிற்காத பையன் அங்கே ஒரு மணி நேரம் அசையவில்லை.

பேரன் பந்தை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனான். நாங்கள் இரண்டு பேர் மட்டும். "உனக்கு ஞாபகம் இருக்கா, எங்க வீட்டுத் திண்ணையில அன்னைக்கு மோர்..." என்று ஆரம்பித்தேன்.

"மோரா? இந்த வெயிலுக்கு மோர்தான் சரி" என்று உள்பக்கம் திரும்பி, "இவனுக்கு ஒரு மோர் கொண்டா" என்று குரல் கொடுத்தான். தெரிந்து சொன்னானா, காதில் சரியாக விழவில்லையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. மோர் வந்தது. பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் போட்டிருந்தார்கள். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவ எழுந்தேன். "உக்காருடா" என்றான்.